ஒன்பது பட்டியல்களில் மீன்

விருப்பப் பதிவுக்கு ஆறு நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஹரிதா அறுபத்தொரு படிப்புகளைப் பட்டியலில் ஏற்றிவிட்டு, அறுபத்தொன்றையும் அழித்தாள்.

கர்நாடகத்து பிளஸ் டூவான பி.யு.சி.யை முடித்து, சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதிய பிள்ளைகள் எல்லோரும் அந்த வாரம் செய்துகொண்டிருந்த வேலைதான் அது. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று ஆசைப்படி வரிசைப்படுத்தி இணையத்தில் பதிய வேண்டும். ரேங்க்கைப் பார்த்து, வரிசையில் மேலிருந்து எது கிடைக்குமோ அதை ஒதுக்குவார்கள். ஹரிதாவின் ரேங்க் மோசமில்லை. சங்கடமே அதுதான். மருத்துவத்தை விட்டுவிட்டால், எதைக் கேட்டாலும் எங்காவது ஓர் இடம் கிடைக்கும்.

வீட்டில் லேப்டாப் இருந்தது. இருந்தும் அவள் மைசூர் அக்ரஹாரத்தில் சந்தோஷ்குமார் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் அவள் அம்மா செலுவம்பா. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மகளுக்கு உதவலாம் என்று பன்னிரண்டு படிப்புகளை எழுதி, ஆர்வம், வேலை, தூரம் என்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுக்கச் சொன்னாள். ஹரிதா நேர்மையாக யோசித்துக் கொடுத்தாள். கூட்டிப் பார்த்தபோது பன்னிரண்டும் எழுபத்தொன்றுக்கும் எழுபத்துநாலுக்கும் நடுவில் வந்து நின்றன.

"எல்லாத்துக்கும் பாஸ் மார்க் போட்டா நான் எதைன்னு எடுத்துக்கறது?" என்றாள் செலுவம்பா. அன்றிலிருந்து ஹரிதா லேப்டாப்பைத் திறந்தாலே பின்னால் வந்து நின்றாள்.

ஹரிதா எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. கல்லூரி விழாவுக்குக் கன்னட நாடகம் எழுதினாள், நடித்தாள், உடைகளையும் தானே தைத்தாள். மண்டி மொஹல்லாவில் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து உருது எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். மொட்டை மாடியில் பாட்டில் வைத்து மூன்று வருடமாக மழை அளந்தாள். வேதியியல் லேபில் எல்லோரும் போன பிறகும் நின்றாள். அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினாள், அதையும் முடித்தாள். எல்லாமே அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால் மற்றவற்றுக்கு முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துவது போல இருந்தது.

"ஹரிதா, மூணு நாளா அந்த மெஷினை நீ புடிச்சு வச்சிருக்கே" என்றார் சந்தோஷ்குமார். கொள்ளேகாலத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். யாரோடு பேசினாலும் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். "வெளிய லைன் பாரு. நாளைக்கு ஆஷாட வெள்ளி. பாதி ஊரு மலைக் கோயிலுக்குப் போகும், மீதி ஊரு இங்க வரும். ஒண்ணு உன்னோடத முடி. இல்லன்னா எழுந்து எனக்கு ஹெல்ப் பண்ணு."

ஹரிதா வாசலைப் பார்த்தாள். குடைகளும் பிளாஸ்டிக் பைகளுமாகப் பதினைந்து பேர். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ்தான் சௌகரியம்.

"ஹெல்ப் பண்றேன் சந்தோஷண்ணா" என்றாள் உடனே.

தன் பட்டியலில் தடுமாறியவளுக்கு அடுத்தவர் பட்டியல் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. ரேங்க்கைக் கேட்பாள், எதில் நல்ல மார்க் என்பாள், விடுதியில் தங்குவாயா, ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமா, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்பாள். கால் மணி நேரத்தில் இருபது விருப்பங்கள் வரிசையாக நிற்கும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கையில் கொடுத்து, ஒன்றைச் சென்டர் கோப்பில் போடுவாள். மறுநாளே, வந்தவர்கள் "அந்தப் பொண்ணுகிட்டயே போட்டுக்கறோம்" என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

பாலன் என்ற பையன் டி.நரசீபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான். பட்டியலை உருட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"ஃபிஷரீஸ்னா மீன் பிடிக்கக் கத்துத் தருவாங்களா? அதுக்கு எதுக்குங்க நாலு வருஷம்? எங்க மாமா எனக்கு நாலு நாள்ல கத்துக் குடுத்தாரு."

ஹரிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் தெரியவில்லை. தெரியாததை அப்படியே விட முடியாமல் மங்களூர்க் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் திறந்தாள். தண்ணீரின் வேதியியல் இருந்தது. நுண்ணோக்கியில் பார்க்கும் மிதவை உயிர்கள் இருந்தன. காற்று, அலை, வானிலை, வலையின் கண்ணளவு, படகின் எஞ்சின், மீனுக்கு வரும் நோய், ஐஸ் பெட்டியில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்கிற கணக்கு, மீனவர் சங்கங்கள், ஏலம், புள்ளியியல். படித்துக்கொண்டே போனாள். பாலன் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் படித்துக்கொண்டிருந்தாள்.

"இதை முதல்ல போடட்டுமா?" என்றாள்.

பாலன் தோளைக் குலுக்கி, "போடுங்க, நல்லாத்தான் இருக்கு" என்றான்.

பதிவு முடிவதற்கு முந்தின சாயங்காலம் சுந்தராம்பாள் தன் மகள் அஷ்வினியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஹனூர்ப் பக்கத்துக் குடும்பம். மைசூர் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. சுந்தராம்பாளுக்கு கார்மெண்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவர் சேகரன் கட்டடங்களில் கம்பி கட்டுகிறவர். கழுத்தில் கம்பெனி அட்டையோடு, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். அஷ்வினி ஹரிதாவின் வயதுதான். நெற்றியில் ஒட்டிய மழைத்தண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் கணினித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன படிக்க ஆசை?" என்று கேட்டாள் ஹரிதா.

"சிவில்" என்றாள் அஷ்வினி, மெல்ல.

"அது மட்டும் வேண்டாமுங்க" என்று குறுக்கிட்டாள் சுந்தராம்பாள். "எங்க வூட்டுக்காரரு இருவது வருசமா வெயில்ல நிக்கறாரு, போதுமுங்க. என்ற புள்ள நெழல்ல உக்காந்து பாக்கற வேலையாப் பாத்துப் போடுங்க அம்மிணி. உங்குளுக்குத்தான் எல்லாந் தெரியும்ங்கறாங்க."

 பாவம், அப்பா செய்வதைத் தவிர வேறு எதையும் இவள் பார்த்ததில்லை போலிருக்கிறது, அதனால்தான் சிவில் என்கிறாள் என்று ஹரிதா தானாக ஒரு முடிவுக்கு வந்தாள். இவளுக்குப் புதிதாக ஒன்றைக் காட்ட வேண்டும். உயிரியலிலும் நல்ல மார்க். "ஃபிஷரீஸ்னு ஒரு படிப்பு இருக்கு, அரசாங்கக் காலேஜ், அக்ரி மாதிரி, ரொம்ப நன்னாருக்கும்" என்று வேகவேகமாகச் சொல்லி அதை முதலில் போட்டாள். சிவிலை நாலாவதாகத் தள்ளினாள். அரசாங்கக் காலேஜ் என்றதில் சுந்தராம்பாளின் முகம் மலர்ந்தது. ஃபிஷரீஸ் என்றால் என்னவென்று அவள் கேட்கவில்லை. போனில் வந்த ஓ.டி.பி. எண்ணை அஷ்வினி மெதுவாகப் படித்துச் சொன்னாள். பதிவு முடிந்தது.

தன் பட்டியலை ஹரிதா கடைசி ஒரு மணி நேரத்தில், அம்மா பின்னால் நிற்க, வீட்டில் வைத்து நிரப்பினாள். எதை முதலில் போட்டோம் என்று மறுநாள் கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பாள்.

அடுத்து வந்தது மாதிரி ஒதுக்கீடு. இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் உனக்கு இது கிடைக்கும் என்று முன்கூட்டியே காட்டுவார்கள். அதைப் பார்த்து, வேண்டுமானால் இரண்டு நாளில் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அது அடுத்த சனிக்கிழமை வெளியானது. காலை பத்தரைக்கு சுந்தராம்பாள் சென்டருக்குள் நுழைந்த வேகத்தில் கதவு சுவரில் இடித்துக்கொண்டது. பின்னால் அஷ்வினி.

"ஏனுங் அம்மிணி, நெழல்ல உக்கார்ற படிப்புக் கேட்டா, புள்ளைய மங்களூருக்கு அனுப்பிக் கடல்லயே எறக்கி உட்டுப்போட்டீங்களே!"

சென்டரில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஹரிதா எழுந்து நின்றாள்.

"கம்பெனில ஒருத்தி சொல்லித்தானுங்க எனக்கு அர்த்தமே தெரிஞ்சுது. மீனுப் படிப்பாமா! வாங்கித் திங்கறதுக்கு நாங்க வேண்டாம்னு சொல்லல. அதுக்குன்னு நாலு வருசம் படிக்கறதா? நீங்களாச்சும் வெவரமாச் சொல்லோணுமல்லோ?"

"நான் சொன்னேனே..." என்று ஆரம்பித்த ஹரிதா நிறுத்தினாள். சொல்லவில்லை. அரசாங்கக் காலேஜ் என்றுதான் சொன்னாள். "தப்புதான் அம்மா. என் தப்புதான். ரெண்டு நாள் இருக்கு, இப்பவே மாத்திடலாம்."

சந்தோஷ்குமார் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். சுந்தராம்பாள் உட்காரவில்லை. அஷ்வினிதான் உட்கார்ந்தாள், நேராகக் கணினிக்கு முன்னால்.

"எதை முதல்ல போடட்டும்?" என்று ஹரிதா கேட்டாள். இந்தத் தடவை கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அஷ்வினி ஒரு முறை அம்மாவைப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிறுத்தாமல்.

"அப்பாவுக்குச் சாப்பாடு குடுக்க சைட்டுக்குப் போவேன்ல. அங்க ஒரு இன்ஜினியர் மேடம் டிராயிங்கப் பிரிச்சு வச்சு, இந்தக் கம்பி இப்படி வராதுன்னாங்க. அப்பா காலைல இருந்து கட்டின அம்பது கம்பியையும் அவுத்தாரு. சாயங்காலம் வீட்டுல வந்து, டிராயிங்தான் தப்பு, நான் கட்டினது சரின்னாரு. அம்மா, உனக்கும் நெனப்பு இருக்கும். அங்க சொல்ல வேண்டியதுதானேன்னு நீ கேட்டே. அவங்க பேப்பரக் காட்டறாங்க, நான் என்னத்தக் காட்டறதுன்னாரு. எனக்கு அந்தப் பேப்பரப் படிக்கத் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

சுந்தராம்பாள் கம்பெனி அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"வெயில்ல நிக்கோணும், தெரியுமல்லோ?"

"குடை வச்சுக்கறேன்."

"கட்டடத்து மேல குடையா?" என்று சிரித்துவிட்டாள் சுந்தராம்பாள். சிரித்த பிறகு கோபத்தைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "சரி, போடுங்க. மைசூருக்குள்ளயே இருக்கற காலேஜாப் பாத்துப் போடுங்க."

சிவில் முதலிடத்துக்கு ஏறியது. இரண்டு, மூன்று, நாலும் சிவில்தான், கல்லூரிகள்தான் வேறு. ஹரிதா ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, சுந்தராம்பாள் தலையாட்டிய பிறகே அடுத்ததற்குப் போனாள்.

"ஹரிதா, நீ போட்ட மத்ததுலயும் இந்த மாதிரி ஏதாவது பண்ணி வச்சிருக்கியா நோடு" என்றார் சந்தோஷ்குமார். "எல்லாரும் இப்படி ஸ்டூல்ல உக்கார மாட்டாங்க."

கோப்பை எடுத்துப் பிரித்தார்கள். ஹரிதா போட்டுக் கொடுத்தவை இருபத்தொன்பது. அஷ்வினி பக்கத்தில் வந்து நின்று, பாதியைத் தான் வாங்கிக்கொண்டாள். சற்று நேரம் காகிதம் புரளும் சத்தம்தான். பிறகு அஷ்வினி ஒன்றை எடுத்து மேசை மேல் தனியாக வைத்தாள். இன்னொன்று. இன்னும் இரண்டு. ஹரிதாவின் கையிலிருந்தும் சில அங்கே போய்ச் சேர்ந்தன. மொத்தம் ஒன்பது. ஒன்பதிலும் முதல் மூன்று இடங்களுக்குள் ஃபிஷரீஸ் இருந்தது.

"அய்யோ சிவனே!" என்று சந்தோஷ்குமார் தலையில் கை வைத்தார். "மைசூர்ல பாதிப் பேர மீன்காரங்களா ஆக்கப் பாத்தியா நீ?"

ஹரிதாவின் முகம் சிவந்துபோனது. அஷ்வினி மட்டும் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்:

"உங்க லிஸ்ட்ல இதை எத்தனாவதாப் போட்டிருக்கீங்க?"

ஹரிதா அந்த ஒன்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். 

"போடலை" என்றாள்.

"ஏன்?"

 வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தால் காரணம் சொல்லியிருப்பாள். அவள் ஒதுக்கவேயில்லை, அது தனக்கு வரக்கூடிய படிப்பு என்கிற நினைப்பே அவளுக்குள் எழவில்லை. மேல்கோட்டையிலிருந்து வந்து நாலு தலைமுறையாக மைசூரில் இருக்கும் ஐயங்கார் வீடு. வெங்காயமே பத்து வருடமாகத்தான் அவர்கள் சமையலறைக்குள் வருகிறது. மீனை அவள் கண்ணாடித் தொட்டியில் பார்த்திருக்கிறாள், குக்கரஹள்ளி ஏரியில் துள்ளுவதைப் பார்த்திருக்கிறாள். தொட்டதில்லை.

"எனக்குத் தெரியலை" என்றாள் கடைசியில்.

அன்று மத்தியானம் முழுக்க, அஷ்வினி வீட்டைத் தவிர மற்ற எட்டு வீடுகளுக்கும் போன் செய்து, மீன் படிப்பு என்றால் என்ன என்று இந்தத் தடவை ஒளிக்காமல் சொன்னாள். அஷ்வினி வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தாள். ஒருவர் நன்றாகத் திட்டினார். இருவருக்கு அப்படி ஒன்று தங்கள் பட்டியலில் இருப்பதே தெரியவில்லை. ஏழு பேர் எடுத்துவிடச் சொன்னார்கள். பாலன் மட்டும், "ஏங்க எடுக்கணும்? நான் மாமாகிட்டச் சொல்லிட்டேன், அவரு ஊரெல்லாம் சொல்லிட்டாரு" என்றான்.

போன் வேலை முடிவதற்குள் இரண்டு பெண்களும் தமிழிலிருந்து கன்னடத்துக்கும், 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"இந்த மீன் படிப்பு எனக்குப் பிடிக்கும்னு நெனைக்கறேன். ஆனா எனக்கு எல்லாமேதான் பிடிக்கும், அதான் பயமா இருக்கு" என்றாள் ஹரிதா. "அதுவும் நான் மீனைத் தொட்டதே இல்ல. வாசனையே தாங்காதோ என்னமோ."

"நாளைக்குக் காலைல நானும் அம்மாவும் மீன் வாங்கப் போறோம். வா, தாங்குதான்னு பாத்துடலாம்" என்றாள் அஷ்வினி.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹரிதா தேவராஜ மொஹல்லாவில் பஸ் இறங்கினாள். மார்க்கெட் வாசலில் பூக்கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அஷ்வினியும் சுந்தராம்பாளும் அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி மீன் கடைகள் இருந்த பக்கம் போனார்கள். திருப்பத்திலேயே வாசனை வந்து முகத்தில் அடித்தது. ஹரிதா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"வாந்தி வந்தா அந்த ஓரமாப் போயிருங் அம்மிணி, கடைக்காரரு கோவிச்சுக்குவாரு" என்றாள் சுந்தராம்பாள். அவள் கோபமெல்லாம் நேற்றே வடிந்திருந்தது. இதை வேடிக்கை பார்க்கும் ஆசை இப்போது முகத்தில் தெரிந்தது.

முதல் கடையில் மரப்பலகை மேல் ஐஸைக் கொட்டி மீன்களை அடுக்கியிருந்தார்கள். ஹரிதா தள்ளி நின்றுதான் பார்த்தாள். பெரிய செதில்களோடு ஒன்று. பக்கத்தில் நீலமும் பச்சையுமாகக் கோடு போட்ட சின்ன மீன்கள் ஒரு குவியல்.

"இது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டாள்.

"கட்லா கபினி டேம்லேர்ந்து. இந்த பங்குடே, தமிழ்ல கானாங்கெளுத்தி, மங்களூர்லேர்ந்து ராத்திரி லாரில வரும்" என்றார் கடைக்காரர்.

"டேம்ல மீனை யாராவது கொண்டுவந்து விடறாளா, அதுவாவே இருக்குமா? ஐஸ் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துவீங்க? இதோட கண்ணு ஏன் கலங்கியிருக்கு, அதோடது ஏன் பளிச்சுனு இருக்கு?"

கடைக்காரர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பத்தாவது கேள்வியில் தராசைக் கீழே வைத்தார். "மேடம், நீங்க ஹெல்த் டிபார்ட்மெண்டா?"

அஷ்வினி சிரித்துக்கொண்டே, "இல்லண்ணா, இனிமேத்தான் படிக்கப் போறா" என்றாள்.

கட்லாவின் செவுளைத் தூக்கிக் காட்டினார் கடைக்காரர். உள்ளே சிவப்பாக, சீப்பின் பற்கள் போல அடுக்கடுக்காக இருந்தது. அந்தச் சிவப்பு இரத்தத்தின் சிவப்பு என்றும், தண்ணீரில் கரைந்த காற்றை அதுதான் பிடிக்கிறது என்றும் ஹரிதா புத்தகத்தில் படித்திருந்தாள். படித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இது அவ்வளவு அழகாக இருந்தது. குனிந்து பார்த்தாள். இன்னும் குனிந்தாள்.

சுந்தராம்பாள் ஒரு கிலோ பங்குடே வாங்கி, சுத்தம் செய்து வாங்கி, பக்கத்துக் கடையில் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். ஹரிதா மூன்றாவது கடையில் நின்றிருந்தாள்.

"ஏனுங் அம்மிணி, ஒரு மணி நேரமாச்சு. மூக்குல இருந்த துணி எங்க?"

ஹரிதா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். துப்பட்டா தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பதினோரு மணிக்கு வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள். அடுப்படியிலிருந்து செலுவம்பா மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி நாத்தம் இது? எங்கே விழுந்தே?"

"மீன் கடைக்குப் போயிருந்தேன்மா."

"குளிச்சுட்டு வா. அப்பறம் பேசு. முதல்ல குளிச்சுட்டு வா."

தலை முழுகிவிட்டு, ஈரக்கூந்தலில் துண்டோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தபோது அப்பா ஆழ்வாரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையிலும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் யாரோ மனு கொடுக்கப் போகிறார்கள் என்பது போன்ற முகம் வந்துவிடும் அவருக்கு. ஹரிதா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அஷ்வினியிடம் செய்த தப்பு, ஒன்பது பட்டியல், அவள் கேட்ட கேள்வி, காலையில் பார்த்த செவுள். கடைசியில், "அதை முதல்ல போடப் போறேன்" என்றாள்.

"மீனா?" என்றார் ஆழ்வார்.

"ஆமாம்பா."

செலுவம்பா கரண்டியைக் கீழே வைத்தாள். "தொடணுமா?"

"வெட்டிப் பாக்கவும் வேண்டியிருக்கும்மா."

 ஆழ்வார் மோரை ஒரு வாய் குடித்தார். "பெருமாளே முதல்ல எடுத்தது மத்ஸ்யாவதாரம்தானே" என்றார், யாரையும் பார்க்காமல்.

"பெருமாள் அவதாரம் எடுத்தார். வெட்டிப் பாக்கலை" என்றாள் செலுவம்பா.

ஆழ்வாருக்கு மோர் புரையேறியது. ஹரிதா அவர் தலையைத் தட்டினாள். சிரிப்பு அடங்க நேரமானது. செலுவம்பா மட்டும் சிரிக்காமல் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷத்துல மனசு மாறினா?"

மாறாது என்று சொல்லலாம். ஹரிதாவுக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. "மாறலாம்மா. ஆனா இந்த ஒரு வாரமா யார் வந்து உட்கார்ந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருக்கேன். எனக்கே தெரியாம ஒன்பது பேருக்கு. வேற எதையும் நானா ரெண்டு பேருக்கு மேல சொல்லலை."

செலுவம்பா யோசித்தாள். "இருபத்தொன்பதுல ஒன்பதா?"

"அதுல பயாலஜி படிச்சவா பதினாலே பேர்தான்மா. மத்தவாளுக்குச் சொல்லவே முடியாது."

"பதினாலுல ஒன்பது" என்றாள் செலுவம்பா. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் வைத்துப் பார்த்தாள் போலிருந்தது. "உன் பன்னிரண்டு கட்டத்தை விட இது எவ்வளவோ தேவலை." எழுந்து போய்ச் சாத்தமுதைக் கொண்டுவந்து பரிமாறினாள். "மங்களூர்ல ஹாஸ்டல் சாப்பாடு எப்படின்னு விசாரி. மீனே இல்லாம ஒரு வேளையாவது போடுவாளான்னு கேளு."

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, அவகாசம் முடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, ஹரிதா வீட்டு லேப்டாப்பில் மங்களூர் மீன்வளப் படிப்பை முதல் விருப்பமாக ஏற்றினாள். இரண்டாவதாக எதைப் போடுவது என்று செலுவம்பா பின்னாலிருந்து கேட்டாள். ஹரிதா பத்து நிமிடம் தடுமாறினாள். அதை அம்மாவே முடிவு செய்தாள்.

முதல் சுற்றிலேயே அவளுக்கு அந்த இடம் கிடைத்தது. பாலனுக்கும் கிடைத்தது. அஷ்வினிக்கு மூன்றாவதாகப் போட்ட கல்லூரியில் சிவில். வீட்டிலிருந்து ஒரே பஸ். சேர்க்கைக்குப் போன அன்று அங்கே ஒரு பழைய டிராயிங் தாளைப் பழகிப் பார்க்கக் கேட்டு வாங்கி வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்பாவும் மகளும் தரையில் விரித்து வைத்துச் சண்டை போட்டார்கள் என்று சுந்தராம்பாள் சென்டருக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். சண்டையில் யார் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. இருவருமே சந்தோஷமாக இருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

மங்களூரில் ஹரிதா இறங்கிய அன்று பெய்யத் தொடங்கிய மழை எட்டு நாள் விடவில்லை. துணி காயவில்லை. துளு புரியவில்லை. விடுதியில் சாம்பார் தனிப் பாத்திரத்தில்தான் வந்தது. ஆனால் அதற்கும் மீன் குழம்புப் பாத்திரத்துக்கும் ஒரே கரண்டி. முதல் நாள் பட்டினி கிடந்து, இரண்டாம் நாள் சொந்தக் கரண்டி ஒன்று வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் ராத்திரி நாடகம் படித்திருக்கலாமோ என்று நினைத்தாள். நாலாம் நாள் நுண்ணோக்கியில் ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணீரைப் பார்த்தாள், நாடகம் மறந்துபோனது. இப்படித்தான் போனது அந்த வாரம்.

இரண்டாம் வாரம் முதல் செய்முறை வகுப்பு. தொட்டியில் நீந்தும் மீனைக் கையால் பிடித்து, நீளம் அளந்து, எடை பார்த்து, திரும்ப விட வேண்டும். ஆளுக்கு இருபது மீன். ஹரிதாவின் முதல் மீன் கையில் வந்ததும் ஒரு உலுக்கு உலுக்கி, அளவுகோலைத் தட்டிவிட்டு, தரையில் விழுந்து, மேசைக்கு அடியில் போய்விட்டது. பாலன்தான் தவழ்ந்து போய்ப் பிடித்துக் கொடுத்தான். "எங்க மாமா சொல்லிக் குடுத்த நாலு நாளுக்கு இப்ப அர்த்தம் தெரியுதா?" என்றான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"தொட்டியா?" என்றாள் செலுவம்பா.

"தொட்டேன்மா. இருபதையும் தொட்டேன்."

 "எப்படி இருந்தது?"

"வழுக்கிண்டே இருந்தது. ஜில்லுனு. பயந்துண்டு இருந்ததும்மா, என்னை மாதிரியே."

"என்ன அளந்தே?"

"நீளமும் எடையும். நீளம் கூடினா எடை எப்படிக் கூடறதுன்னு கிராஃப் போடணும்."

"நேர்கோடா வராதே" என்றாள் செலுவம்பா உடனே. குரல் மாறியிருந்தது. "நீளம் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்கு கிட்டப் போகும். இரு, பேப்பர் எடுத்துக்கறேன். ஒண்ணொண்ணாப் படி."

ஹரிதா படித்தாள். பன்னிரண்டரை சென்டிமீட்டர், இருபத்தெட்டு கிராம். பதினாலு, முப்பத்தொன்பது. ஜன்னலுக்கு வெளியே மழை இரைந்துகொண்டிருந்ததால் சில எண்களை இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே அப்பா, "என்ன கணக்கு?" என்று கேட்பதும் அம்மா, "சும்மா இருங்கோ, மீன்" என்பதும் கேட்டது. இருபதும் முடிந்தபின் மறுமுனையில் பென்சில் ஓடும் சத்தம்.

"பதினேழாவது சரியில்லை" என்றாள் செலுவம்பா. "அந்த நீளத்துக்கு இவ்வளவு எடை வராது. எதையோ தப்பாப் பார்த்திருக்கே. நாளைக்குப் போய் அந்த மீனை மறுபடி அள."

"தொட்டியில நூறு மீன் இருக்கும்மா. அதை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"அது எனக்குத் தெரியாது. நீதானே அதைப் படிக்கப் போயிருக்கே?"